பூங்காவோ குளமோ: உள்ளாட்சியோடு ஒப்பந்தம் போடப் போகும் நலச் சங்கங்களுக்கு

உங்கள் நகரில் ஒரு பூங்கா பூட்டிக் கிடக்கிறது, அல்லது பக்கத்துக் குளத்தில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஆர்வமுள்ள நாலு பேர் இருக்கிறார்கள், கொஞ்சம் பணமும் திரட்ட முடியும். மாநகராட்சியோ நகராட்சியோ சேர்ந்து செய்ய ஒப்புக்கொண்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எங்கள் சங்கம் இதில் நன்றாகவே அலைந்துவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்குக் குறைந்தால் சரி.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு தனித்தனித் தாள்கள் வேண்டும். ஒன்று, ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பணிக்கான அனுமதி. நாம் ஒரு பங்கு கட்டுவோம், மீதியை அரசு போடும், வேலை முடிந்ததும் அந்தத் தாளின் ஆயுளும் முடிந்துவிடும். (இடையில் சில ஆண்டுகள் இதற்குத் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர். பழைய ஊழியர்கள் சிலர் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.) இன்னொன்று, வேலை முடிந்த பிறகு அந்த இடத்தை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பராமரிப்பு ஒப்பந்தம். பெரும்பாலான சங்கங்கள் முதல் தாளைப் பிடித்துத் திறப்பு விழாவும் நடத்திவிடுகின்றன. மோட்டார் கெட்டுப்போன பிறகுதான் இரண்டாவது தாள் இல்லை என்பது தெரிகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்துங்கள்.

1. இடம் யாருடையது?

‘கார்ப்பரேஷன் இடம்’ என்று ஊரே சொல்லும். அதை நம்பி மனு எழுதாதீர்கள். நகரமாக இருந்தால் டவுன் சர்வே பதிவேட்டின் நகலையும், கிராமமாக இருந்தால் ‘அ’ பதிவேட்டின் நகலையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். அதில் நிலத்தின் வகைப்பாடும் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்பதும் வரும்.

பூங்காவில் உள்ள சிக்கல் தானப் பத்திரம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய லேஅவுட்டுகளில் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று இருக்கும், பத்திரம் மட்டும் பதிவாகியிருக்காது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் அதில் இல்லையென்றால் உள்ளாட்சி அங்கே ஒரு செங்கல்கூட வைக்காது. முதலில் அந்தப் பத்திரத்துக்கு வழி பார்க்க வேண்டும், அது தனிக் கதை.

குளத்தில் சிக்கல் வேறு மாதிரி. கோயில் குளம் என்றால் அறநிலையத்துறை. ஏரி என்றால், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (அந்த ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத்துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது பொதுவான வழக்கம். நகர எல்லைக்குள் வந்துவிட்ட ஏரி இன்னும் நீர்வளத்துறை பெயரிலேயே இருக்கலாம். அப்படியானால் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் நகராட்சி ஃபைலைத் திறக்காது. இந்த ஒரு சான்று மற்ற எல்லா வேலைக்கும் ஆகிற நாளைத் தனியாகத் தின்றுவிடும் என்பதால் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

2. சங்கத்தின் தாள்கள்

வாட்ஸ்அப் குழு சங்கம் ஆகாது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு வேண்டும். அதற்குக் குறைந்தது 7 பேர் தேவை. ஏற்கெனவே பதிவான சங்கம்தானே என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். பதிவுச் சான்று பத்து வருடம் பழையதாக இருக்கும், நிர்வாகிகள் மூன்று முறை மாறியிருப்பார்கள், மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7 ஒரு முறைகூடத் தாக்கல் ஆகியிருக்காது. பதிவாளர் ஏட்டில் இன்றும் பழைய தலைவரே தலைவர். ஒப்பந்தத்தில் நீங்கள் போடும் கையெழுத்துக்கு அப்போது மதிப்பில்லை. ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் வருடா வருடம் தாக்கல் ஆகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். நிலுவை இருந்தால் அபராதத்தோடு கட்டிச் சரிசெய்யலாம்.

கையில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்று, துணை விதிகள், சங்கத்தின் பெயரில் பான் அட்டை, இருவர் கையெழுத்திட்டு இயக்கும் வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த கணக்கு, அப்புறம் ஒரு தீர்மானம்.

தீர்மானத்தை மட்டும் கவனமாக எழுதுங்கள். ‘பூங்காவைச் சீரமைக்க ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது’ என்பது போதாது. எந்த இடம் (சர்வே எண்ணோடு), எவ்வளவு தொகை வரை, யாருக்குக் கையெழுத்து அதிகாரம், பராமரிப்பை எத்தனை ஆண்டுக்கு ஏற்கிறோம் என்ற நான்கும் அதில் வர வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தில் வந்திருந்தவர்களின் கையெழுத்தும் இருக்கட்டும். நாளைக்கு உள்ளுக்குள்ளேயே யாராவது ‘எங்களைக் கேட்டா செய்தீர்கள்?’ என்று கிளம்பினால் அந்தப் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும். கிளம்புவார்கள்.

3. மனு

நகரத்தில் ஆணையருக்கு, ஊராட்சிப் பகுதியில் மாவட்ட ஆட்சியருக்கு. மனு ஒரே பக்கம் இருக்கட்டும். என்ன வேலை, எந்த இடம், நாங்கள் எத்தனை பங்கு தருவோம், வேலை முடிந்த பிறகு பராமரிப்பை ஒப்பந்தத்தின்படி ஏற்கத் தயார் என்று எழுதுங்கள். கடைசி வரியை இப்போதே எழுதினால்தான் இரண்டாவது தாளுக்கு விதை விழும். இடத்தின் வரைபடம், புகைப்படங்கள், நில ஆவணம், தீர்மானத்தின் நகல் ஆகியவற்றை இணையுங்கள்.

நேரில் கொடுத்து, நல்லவிதமாகப் பேசிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரையும் பதிவு எண்ணும் வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது ‘சார், எங்க பூங்கா மனு...’ என்று தொடங்கினால் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. எண்ணைச் சொன்னால் எந்த மேசையில் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல் கட்டாயம். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. மன்றத்தில் தீர்மானம் வர வேண்டியிருந்தால் அங்கே எழுந்து பேசப் போகிறவர் அவர்தான். அவரைத் தாண்டிப் போன ஃபைல் மெதுவாக நடக்கும். நகரப் பகுதிகளில் ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என ஆண்டுக்கு நான்கு முறை பகுதி சபை கூட வேண்டும். கிராம சபைக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்ய வைத்தால் மனுவுக்கு நல்ல துணை.

4. எஸ்டிமேட் வரும்வரை தொகையைச் சொல்லாதீர்கள்

ஊரில் பணம் கேட்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ‘மொத்தம் எவ்வளவு?’ தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் கேட்டு ஒரு தொகையைச் சொல்லிவிடத் தோன்றும். வேண்டாம்.

அரசு மதிப்பீடு உதவிப் பொறியாளர் வந்து அளந்து, அரசின் விலைப் பட்டியல்படி போடுவது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், எதிர்பாராச் செலவுக்குக் கொஞ்சம் என்று ஏறும். மேஸ்திரி 8 லட்சம் என்ற வேலை, அதே விலையில் போட்டாலும் மதிப்பீட்டில் 9 லட்சத்து 60 ஆயிரம் பக்கம் வந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்கு என்றால் 2 லட்சத்து 67 ஆயிரம் என்று நினைத்தது 3 லட்சத்து 20 ஆயிரம் ஆகிவிடும். வசூல் முடிந்த பிறகு இரண்டாம் சுற்றுக்குப் படியேறுவது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பங்கு விகிதம் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று. நகரங்களில் நீர்நிலைச் சீரமைப்புக்குப் பாதி. ஊரகப் பகுதிகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் இடங்களுக்கு ஐந்தில் ஒன்று. ஊரகத் திட்டத்தில் பாதியோ அதற்கு மேலோ நாம் தந்தால் வேலையை நாமே, அல்லது நாம் சொல்லும் நல்ல நிறுவனம் மூலம், செய்யக் கேட்கலாம். உங்களிடம் வேலை தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். தரக் குறைவு, கணக்கு, தொழிலாளர் விபத்து எல்லாம் அப்புறம் உங்கள் தலையில். வழிபாட்டுத் தலங்களுக்கும் தனியார் இடங்களுக்கும் இந்தத் திட்டம் கிடையாது. பூங்கா மூலையில் ஏற்கெனவே ஒரு பிள்ளையார் இருந்தால், அவரைச் சுற்றி மண்டபம் கட்டும் யோசனையை வரைபடத்தில் நுழைக்காதீர்கள். மொத்த ஃபைலும் அதிலேயே திரும்பி வரும்.

அளக்க வருகிற நாளில் சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூட இருங்கள். நடைபாதை, வேலி, விளக்கு எல்லாம் எல்லோருக்கும் நினைவு வரும். விட்டுப்போவது தண்ணீர் இணைப்பு, மோட்டார் அறை, மழைநீர் வடிகால், கழிப்பறை. மதிப்பீட்டில் இல்லாத ஒன்றை வேலை பாதியில் இருக்கும்போது சேர்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எங்கள் வேலைக்கு அளந்து போன பொறியாளர் மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன் மாற்றலாகிவிட, புதிதாக வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து அளந்தார். அளவுகளை நீங்களும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் இரண்டாம் முறை சீக்கிரம் முடியும்.

5. பணம்

மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வந்து, எழுத்தில் கடிதம் கிடைத்த பிறகு பங்குத் தொகையைக் கட்டுங்கள். டிடியாகவோ வங்கி வழியாகவோ மட்டும். ரசீதில் சங்கத்தின் பெயரும் பணியின் பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். கட்டும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: டெண்டர் தொகை மதிப்பீட்டைவிடக் கூடினால் அந்த வித்தியாசம் யாருடையது? வேலை ரத்தானால் நம் பணம் எப்படித் திரும்பும்?

வசூலில் கவனிக்க வேண்டியவை:

ரொக்கமாக வாங்காதீர்கள். சங்கத்துக்கு 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. கணக்குச் சண்டையும் அங்கிருந்துதான் ஆரம்பமாகும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்கும்போது பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு துபாயிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் சங்கக் கணக்குக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தப் பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று தோன்றும், சட்டத்துக்கு அப்படித் தோன்றாது.

கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியைச் சங்கம் வாங்கிச் செலவு செய்ய வேண்டுமானால் சிஎஸ்ஆர்-1 பதிவு (அந்த நிதியை வாங்கிச் செலவழிக்கும் அமைப்புகளுக்கானது), வருமான வரிப் பதிவுகள், மூன்று ஆண்டு அனுபவம் எல்லாம் கேட்பார்கள். புதிய சங்கத்துக்கு இது ஆகாது. கம்பெனியையே நேராக உள்ளாட்சியின் பெயரில் பங்குத் தொகை கட்டச் சொல்லிப் பாருங்கள்.

பெயர்ப் பலகை பற்றியும் வசூலுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் ஊரில் ஆகாயத்தாமரையை எடுப்பது பற்றி ஒரு வாக்குவாதமும் வரவில்லை. கல்வெட்டில் யார் பெயர் எந்த வரியில் என்பதற்குத்தான் வந்தது. அகர வரிசை என்று தீர்மானம் போட்டுவிட்டால் நல்லது.

6. வேலை நடக்கும்போது

மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்குப் பணம் நம்முடையது, கேட்பதில் தவறில்லை. தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். நடைபாதைக்கு எத்தனை அங்குலக் கான்கிரீட், கம்பி என்ன அளவு என்று அதில் இருக்கும். போடுகிற அன்று டேப்பை வைத்து அளந்து படம் எடுத்து வையுங்கள். கான்கிரீட் போட்டு மூடிய பிறகு பேசிப் பயனில்லை. ஒப்பந்ததாரரிடம் நேராகச் சண்டைக்குப் போகாமல் பொறியாளருக்கு எழுதுங்கள். எம்புக்கில் (முடிந்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகம்) அளவு ஏற்றிக் கையெழுத்திடுபவர் அவர்.

குளம் தூர்வாரினால் வண்டல் மண் வரும். அதை லாரியில் ஏற்றி யாருடைய மனையையும் நிரப்ப விடாதீர்கள். விவசாயிக்கும் மண்பாண்டம் செய்பவருக்கும் கொடுப்பதற்குக்கூட வட்டாட்சியர் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு நடை போனாலும் சங்கத்தின் பெயர்தான் கெடும். கரையைப் பலப்படுத்த அந்த மண்ணையே பயன்படுத்தும்படி மதிப்பீட்டில் எழுத வைப்பது எளிது. மரத்தை வெட்ட வேண்டியிருந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி.

7. பராமரிப்பு ஒப்பந்தம்

இப்போது இரண்டாவது தாள். வேலை முக்கால்வாசி முடியும்போதே வரைவைக் கேளுங்கள். பெரும்பாலும் வேறு எங்கோ, வேறு எதற்கோ போட்ட ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். எங்களுக்கு வந்த வரைவில் நீரூற்றைப் பராமரிக்கும் பொறுப்பு இருந்தது. எங்களிடம் நீரூற்றே இல்லை. ஆகவே வரிவரியாகப் படியுங்கள். ‘சங்கம் அனைத்துப் பராமரிப்பையும் மேற்கொள்ளும்’ என்ற வரி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ‘அனைத்தும்’ என்பதற்குள் மின்கட்டணமும் வரும், இடிந்த சுற்றுச்சுவரும் வரும்.

மின்சாரம்: இணைப்பு உள்ளாட்சியின் பெயரில் இருக்க வேண்டும், கட்டணமும் அவர்களுடையது என்று எழுதுங்கள். சங்கத்தின் பெயரிலோ செயலாளரின் பெயரிலோ இணைப்பு வாங்கவே வாங்காதீர்கள். செயலாளர் வீடு மாறிப் போனாலும் பில் அவர் பெயரில் வந்துகொண்டிருக்கும்.

சிறுபழுதும் பெரும்பழுதும்: ஒரு தொகையைக் கோடாக வையுங்கள். பல்பு மாற்றுவது, புல் வெட்டுவது, வர்ணம் தொட்டு அடிப்பது சங்கம். மோட்டார், விளக்குக் கம்பம், ஊஞ்சல், கரை உடைப்பு உள்ளாட்சி. புகார் கொடுத்து எத்தனை நாளுக்குள் சரிசெய்வார்கள் என்றும் கேளுங்கள். நாள் எழுத அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டாய்வு, அதில் குறித்ததை அடுத்த ஆய்வுக்குள் முடிப்பது என்று எழுதக் கேட்டால் ஒத்துவருவார்கள்.

ஆட்கள்: துப்புரவு, காவல் யாருடைய ஆள், யார் சம்பளம்? சங்கம் ஆள் வைத்தால், அவருக்கு விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.

விபத்து: வரைவில் ‘எந்த விபத்துக்கும் உள்ளாட்சி பொறுப்பல்ல, சங்கமே முழுப் பொறுப்பு’ என்று இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் இதுதான். குளக்கரையில் ஒரு குழந்தை தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு அந்த வரியைப் படியுங்கள். சங்கத்தின் கவனக்குறைவால் நேர்ந்ததற்கு மட்டும் சங்கம் பொறுப்பு, கட்டுமானக் குறைபாட்டுக்கு அல்ல என்று மாற்றக் கேளுங்கள். தலைவரும் செயலாளரும் ‘சங்கத்திற்காக’ என்று எழுதி, முத்திரையோடு கையெழுத்திடுங்கள். தனிப்பட்ட முகவரியும் ஆதார் எண்ணும் போட்டுத் தனிநபராகக் கையெழுத்திடாதீர்கள்.

சாவி: சிரிக்காதீர்கள். எத்தனை சாவி, யாரிடம், எப்போது திறந்து எப்போது மூடுவது என்று எழுதுங்கள். ஒப்பந்தம் இருந்தாலும் இடம் பொது இடம்தான். உறுப்பினர் அல்லாதவரை உள்ளே விடாமலிருப்பது, ஷட்டில் ஆடக் கட்டணம் வாங்குவது, பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விடுவது, எதையும் செய்யக் கூடாது. ஒப்பந்தம் ரத்தாக இவைதான் எளிய காரணங்கள்.

காலமும் விலகலும்: முதல் முறை ஓராண்டோ மூன்றாண்டோ போதும், பத்தாண்டு கேட்காதீர்கள். விலக இருதரப்புக்கும் ஒரே அளவு முன்னறிவிப்பு இருக்கட்டும். சங்கத்துக்கும் விலக வழி வேண்டும். இன்றிருக்கும் ஆர்வம் நாலு வருடம் கழித்து வருகிற நிர்வாகக் குழுவுக்கு இருக்குமா, யார் கண்டது.

பொருள் பட்டியல்: ஒப்படைக்கும் அன்று இருந்த பெஞ்சு, விளக்கு, ஊஞ்சல், மோட்டார் எல்லாவற்றையும் நிலையோடு எழுதி இணைப்பாகச் சேர்த்து இருதரப்பும் கையெழுத்திடுங்கள். ‘ஊஞ்சல் 2, ஒன்றில் சங்கிலி துருப்பிடித்துள்ளது’ என்கிற அளவுக்கு எழுதலாம்.

மன்றத் தீர்மானம் தேவையா, ஆணையரே கையெழுத்திடலாமா என்பதை அலுவலகத்திலேயே கேட்டு, தீர்மானம் என்றால் அதன் எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் போட வையுங்கள்.

8. செலவும் காலமும்

பங்குத் தொகையைத் தவிர ஆகும் செலவு பெரிதில்லை: பதிவும் நிலுவையும், வில்லங்கச் சான்று, நகல்கள், ஆடிட்டர் கட்டணம், ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள். இந்தத் தாள் முன்பு 20 ரூபாய், 2024 மே முதல் 200 ரூபாய். கண்ணுக்குத் தெரியாத செலவு பராமரிப்பு. தோட்டக்காரர், புல், உரம், பல்பு என்று மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, குறைந்தது ஓராண்டுத் தொகை கையில் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். சந்தாவை நம்ப வேண்டாம். திறந்த வருடம் எல்லோரும் தருவார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, நிலத்தில் சிக்கல் இல்லையென்றால் மனுவிலிருந்து வேலை தொடங்க ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி எல்லாம் தாண்டித்தான் டெண்டர். டெண்டருக்கே விளம்பரத்திலிருந்து குறைந்தது 15 நாள் தர வேண்டும். குளத்து வேலையைத் தை, மாசியில் தொடங்கக் கணக்கிட்டால் அதற்கு முந்தைய ஆடிக்குள் மனு போக வேண்டும். ஐப்பசியில் அனுமதி வந்தால் வடகிழக்குப் பருவமழை முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி முடியும்வரை புதிய வேலை எதுவும் தொடங்காது, ஒப்பந்தமும் கையெழுத்தாகாது. ஆகவே தேர்தல் ஆண்டில் பணி ஆணையை அறிவிப்புக்கு முன் வாங்கிவிடப் பாருங்கள். ஒப்பந்தப் புதுப்பிப்பும் அப்படித்தான்: முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே, தேர்தல் வருகிற வருடமானால் ஆறு மாதம் முன்பே, கூட்டாய்வுக் குறிப்புகளை இணைத்து மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.